மார்ச் மாதச் சேமிப்பும் மாதாமாதச் செலவும்

அம்பத்தூரிலோ பீளமேட்டிலோ ஒரு தனியார் தொழிற்சாலையில் 30 ஆண்டுகள் உழைத்துவிட்டு 58 வயதில் வெளியே வரும் ஒருவருக்குத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் மாதம் எவ்வளவு பென்ஷன் தரும்? கணக்கு எளிது. கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு 2014 செப்டம்பரில் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். கையில் 60,000 வாங்கியவரானாலும் பென்ஷன் கணக்கில் அவர் சம்பளம் 15,000தான். 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியதற்காக 2 ஆண்டுகள் கூட்டிக்கொண்டு 32 என்று வைத்தால் 6,857 ரூபாய் வரும். 2014க்கு முந்தைய ஆண்டுகளுக்கு 6,500 என்ற பழைய வரம்பே பொருந்தும் என்பதால், உண்மையில் கைக்கு வருவது இதைவிடக் குறைவு.

இந்தத் தொகைக்கு அகவிலைப்படி கிடையாது. முதல் மாதம் வந்ததே பத்தாவது ஆண்டிலும் வரும், இருபதாவது ஆண்டிலும் வரும். 1995 நவம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள். அது போதாது என்று ஓய்வூதியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகின்றன. முழுச் சம்பளத்துக்கும் பங்களித்தவர்கள் கூடுதல் பென்ஷன் பெற 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழியைத் திறந்தது. ஆனால் அதற்கான விருப்ப மனு, நிலுவைத் தொகை, நிறுவனத்தின் பழைய பதிவுகள் என்று பலருக்கு அந்த வழியும் நீண்டுகொண்டே போனது.

ஓய்வுக்காலத் திட்டமிடல் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'எவ்வளவு சேர்த்தாய்' என்பதிலேயே நின்றுவிடுகிறது. ஒரு கோடியா, இரண்டு கோடியா என்று கேட்கிறார்கள். மளிகைக் கடைக்காரரும் மருந்துக் கடைக்காரரும் கேட்பது மாதத் தொகையை, அதுவும் ஆண்டுதோறும் ஏறும் தொகையை. 60 வயதில் தொடங்கி 85 வரைக்கும், மனைவி வயதில் இளையவர் என்றால் அவருடைய 90 வரைக்கும்கூட, விலைவாசியோடு சேர்ந்து வளரும் மாத வருமானத்தை எங்கிருந்து எடுப்பது என்பதே உண்மையான கேள்வி. இந்தியாவில் இருக்கும் திட்டங்கள் பலவும் சேர்ப்பதற்கு உதவுகின்றன. செலவழிக்கும் காலத்துக்கு உதவுபவை குறைவு. ஏறும் வருமானம் தருபவை மிகமிகக் குறைவு.

அரசு ஊழியர்களின் கதை வேறு. பழைய ஓய்வூதியத்தில் கடைசிச் சம்பளத்தில் பாதியும் அதன்மேல் அகவிலைப்படியும் உண்டு. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அது நிறுத்தப்பட்டுப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் தேசிய ஓய்வூதியத் திட்டம். இருபது ஆண்டுகள் நீடித்த எதிர்ப்புக்குப் பின், சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை 25 ஆண்டுப் பணிக்கு உறுதி செய்யும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் 2025 ஏப்ரலில் மத்திய அரசு ஊழியர்களுக்கு நடைமுறைக்கு வந்தது. 2026 ஜனவரியில் தமிழக அரசும் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை அறிவித்தது. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் தெருவில் இறங்கிக் கேட்டதன் சாரம் இதுதான்: எங்கள் மாத வருமானத்தைச் சந்தையின் கையில் விடாதீர்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. அதே நியாயம் தனியார் ஊழியருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் உண்டு என்பதைத்தான் எந்த அரசும் இன்னும் ஏற்கவில்லை.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென 2015இல் வந்தது அடல் பென்ஷன் யோஜனா. 18 வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் கட்டினால் 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய். 40 வயதில் சேர்ந்தால் அதே பென்ஷனுக்கு மாதம் 1,454 கட்ட வேண்டும். உச்சமே 5,000தான். இன்று 18 வயதில் சேரும் பையனுக்கு அந்த 5,000 கைக்கு வர 42 ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு 5 விழுக்காடு விலை ஏறினால், அது அன்றைக்கு வாங்கக்கூடியது இன்றைய 650 ரூபாய்க்கும் குறைவான சாமான். ஒன்றுமில்லாததற்கு இது மேல்தான். ஆனால் 'கவலை தீர்ந்தது' என்று அந்தப் பையனிடம் யாரும் சொல்லக் கூடாது.

விலைவாசியின் வேகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்று 40 வயதுத் தம்பதிக்கு வீட்டுச் செலவு மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 விழுக்காடு பணவீக்கத்தில், அவர்கள் 60ஐ எட்டும்போது அதே வாழ்க்கைக்கு 1,06,000 வேண்டும். 80 வயதில் 2,81,000 வேண்டும். 5 விழுக்காடு என்பது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. ரிசர்வ் வங்கியின் இலக்கே 4 விழுக்காடு, அதற்கு மேலும் கீழும் இரண்டு புள்ளி வரை இடம். மருத்துவமனைக் கட்டணம் அந்த இலக்குக்குள் அடங்கி நடப்பதில்லை என்பது குடும்பம் நடத்தும் எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவு நீண்ட பயணத்துக்கு நடுத்தர வர்க்கம் சேமிக்கப் பழகிய முறை விசித்திரமானது. ஜனவரியில் அலுவலகத்தின் கணக்குப் பிரிவிலிருந்து 'வரிச் சேமிப்புக்கான சான்றுகளைத் தாருங்கள்' என்று கடிதம் வரும். மார்ச் 31க்குள் 80சி பிரிவின் ஒன்றரை லட்சத்தை நிரப்பியாக வேண்டும். தெரிந்த முகவர் ஒருவர் படிவத்தோடு வருவார். எண்டோமென்ட் பாலிசி ஒன்றில் கையெழுத்து விழும். வரி மிச்சம், காப்பீடு, முதலீடு மூன்றும் ஒரே கையெழுத்தில் முடிந்ததாக ஒரு நிம்மதி. இரண்டு தலைமுறைகள் இப்படித்தான் சேமித்தன. இதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. அரசு எதற்கு வரிக்கழிவு தந்ததோ, அதில் போட்டார்கள்.

ஆண்டுக்கு 50,000 ரூபாய் பிரீமியம், 20 ஆண்டுகள். எண்டோமென்ட் பாலிசிகளில் வழக்கமாகக் கிடைக்கும் 5.5 விழுக்காடு அளவில் முடிவில் வருவது சுமார் 18.4 லட்சம். அதே தொகையைப் பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப்.பில் போட்டு, 2020 ஏப்ரல் முதல் மாறாமல் இருக்கும் 7.1 விழுக்காடு அப்படியே நீடித்தால் சுமார் 22.2 லட்சம். இடைவெளி 3.8 லட்சம். பாலிசியில் ஆயுள் காப்பீடும் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் இவ்வகைப் பாலிசியில் காப்பீட்டுத் தொகை பெரும்பாலும் ஆண்டு பிரீமியத்தின் 10 அல்லது 20 மடங்குதான். குடும்பத் தலைவர் நாற்பதில் போய்விட்டால் அந்தப் பத்து லட்சம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கே காணாது. அதற்குக் காப்பீடு மட்டுமே தரும் டேர்ம் பாலிசி எடுத்துவிட்டு, சேமிப்பைத் தனியாக வைப்பதே சரி.

இந்த மார்ச் மாதப் பழக்கத்தின் அடித்தளமே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2020 பட்ஜெட்டில் வந்த புதிய வரிமுறை, 2023-24 முதல் தானாகவே பொருந்தும் முறையாகிவிட்டது. 2025 பட்ஜெட்டுக்குப் பின் இதில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி. சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் சேர்ந்து 12.75 லட்சம் வரை வரி இல்லை. ஆனால் 80சி கிடையாது. காப்பீட்டு பிரீமியத்துக்கோ பி.பி.எஃப்.புக்கோ எந்தச் சலுகையும் இல்லை. நிறுவனமே ஊழியரின் பெயரில் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் போடும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 விழுக்காடு வரை, சலுகை தொடர்கிறது. வேலைக்குச் சேரும் இளைஞர்களில் பலருக்கு இந்த வழி இருப்பதே தெரியாது.

நேர்மையாகப் பார்த்தால் புதிய முறை ஒரு விடுதலை. வரிக்காகத் தவறான இடத்தில் பணத்தைப் பூட்டி வைக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. சட்டம் தள்ளிக்கொண்டு போய்ச் சேமிக்க வைத்த குடும்பங்களை இனி யாரும் தள்ளப் போவதில்லை. மிச்சமான வரி மாதத் தவணையில் வாங்கிய காருக்கும் போனுக்கும் போய்விட்டால், ஓய்வுக்காலத்துக்கு அந்தச் சுமாரான எண்டோமென்ட் பாலிசிகூட இருக்காது. புதிய வரிமுறைக்கு மாறுபவர், 80சியில் போட்டுவந்த தொகையை அதே மாதம் தானாகவே பிடித்தமாகும் வேறொரு சேமிப்புக்கு மாற்றிவிடுவது மிக அவசியம்.

அப்படி எங்கே போடுவது? முதலில், ஏற்கெனவே கையில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். ஊழியர் 12 விழுக்காடும் நிறுவனம் 12 விழுக்காடும் போடும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) கணக்கு, இன்றைய நிலையில் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த நிலையான முதலீடு. 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளிலும் வட்டி 8.25 விழுக்காடு. ஊழியரின் பங்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டாதவரை வட்டிக்கு வரியும் இல்லை. வேலை மாறும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடும் வழக்கம்தான் இதற்குப் பெரும் எதிரி. பென்ஷனுக்குத் தகுதி பெற 10 ஆண்டுப் பணி வேண்டும். இடையிலேயே எடுத்துவிட்டால் அதுவும் கை நழுவும்.

அடுத்தது பங்குச் சந்தை. இதைக் கண்டு தமிழ்க் குடும்பங்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 2008 ஜனவரியில் 21,000ஐத் தாண்டிய சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,200க்கும் கீழே கிடந்தது. 2020 ஜனவரியில் 42,000ஐத் தொட்டது, இரண்டே மாதத்தில் 26,000க்கு வந்தது. இரண்டு முறையும் மீண்டது. முதல் முறை மீள ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், இரண்டாம் முறை அதே ஆண்டின் நவம்பருக்குள். முப்பது வயதில் ஃபண்டில் மாதாமாதம் எஸ்.ஐ.பி. போடுபவருக்கு அந்தச் சரிவுகள் மலிவாக வாங்கக் கிடைத்த வாய்ப்பு. 2008 ஜனவரியில் ஓய்வு பெற்று, மொத்தப் பணத்தையும் பங்கு சார்ந்த ஃபண்டில் வைத்து மாதாமாதம் எடுத்துச் செலவழித்தவருக்கோ அது பேரிடி. விலை பாதியாக இருக்கும்போது விற்றுச் சாப்பிட்ட யூனிட்டுகள், சந்தை மீண்டபோது அவரிடம் இல்லை. ஒரே சந்தை, ஒரே சராசரி லாபம். சரிவு எந்த வயதில் வருகிறது என்பதே வித்தியாசம்.

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் அந்நாட்டின் பழைய சந்தைக் கணக்குகளை வைத்து ஆராய்ந்ததும் இந்தச் சிக்கலைத்தான். முதல் ஆண்டில் மொத்தச் சேமிப்பின் 4 விழுக்காட்டை எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அதைக் கூட்டிக்கொண்டு போனால் 30 ஆண்டுகள் தாங்கும் என்று கண்டார். இந்திய யூடியூப் ஆலோசகர்கள் பலர் இந்த 4 விழுக்காட்டை அப்படியே ஒப்பிக்கிறார்கள். அது அமெரிக்கப் பங்குகள், அமெரிக்க அரசுப் பத்திரங்கள், அந்நாட்டுப் பணவீக்கம் இவற்றிலிருந்து பிறந்த எண். பணவீக்கம் கூடுதலான இந்தியாவில் அதை நம்பி இறங்கக் கூடாது. அந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் ஒரு கோடி ரூபாய்க்கு மாதம் 33,000தான் வரும். கோடி என்றதும் வரும் மலைப்பு, மாதக் கணக்குக்கு வந்ததும் இறங்கிவிடுகிறது.

ஓய்வுக்குப் பிந்தைய ஏற்பாட்டில் இந்தியச் சூழலுக்குப் பொருந்துவது இரண்டாகப் பிரிப்பது. முதல் ஆறேழு ஆண்டுச் செலவுக்கான பணம் அசையாத இடத்தில் இருக்க வேண்டும். மீதி வளரும் இடத்தில் இருக்கலாம். அசையாத இடம் என்றால் முதலில் வருவது அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் கிடைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2023 ஏப்ரலில் இதன் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. வட்டி 8.2 விழுக்காடு. 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. கணவன் மனைவி இருவருமே 60ஐக் கடந்தவர்கள் என்றால் தனித்தனியாகப் போடலாம். ஐந்து ஆண்டுகளுக்கு வட்டி மாறாது. ஆனால் ஏறவும் ஏறாது. அதனால்தான் மீதிப் பணத்தில் ஒரு பகுதி, 65 வயதிலும்கூட, பங்கு சார்ந்த ஃபண்டில் இருக்க வேண்டியிருக்கிறது.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தவர்கள் முதிர்வில் 40 விழுக்காட்டை ஆனுவிட்டியாக மாற்றியாக வேண்டும் என்பது பல ஆண்டுகள் இருந்த விதி. அரசு சாராத சந்தாதாரர்களுக்கு அது 2025 டிசம்பரில் 20 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. ஆனுவிட்டி என்றால் பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்து ஆயுள் முழுக்க மாத வருமானம் வாங்குவது. சாகும்வரை நிற்காது என்பது அதன் பெரும் பலம். சாதாரண ஆனுவிட்டி விலைவாசியோடு ஏறாது, கிடைக்கும் தொகைக்கு வரியும் உண்டு என்பது அதன் குறை. கட்டாயத்தைத் தளர்த்தியதை எல்லோரும் வரவேற்றார்கள். ஆனால் கையில் வரும் மொத்தத் தொகையை அடுத்த ஆறு மாதத்தில் மகளின் கல்யாணத்துக்கும் மகனின் வீட்டு முன்பணத்துக்கும் கொடுத்துவிடும் அப்பாக்கள் நிறைந்த சமூகத்தில், அந்தக் கட்டாயம் சிலரைக் காப்பாற்றியும் வந்தது.

பணம் மொத்தமாகக் கைக்கு வரும் அந்த மாதம்தான் மோசடிக்காரர்களும் தேடி வரும் மாதம். மாதம் 25, 30 விழுக்காடு என்று ஆசைகாட்டிய சென்னை ஆருத்ரா கோல்டு நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு கணக்குச் சொன்னது. அதை நம்பியவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் பளபளப்பான வங்கிக் கிளைக்குள்ளேயே அடி வாங்கியவர்களும் உண்டு. எஸ் பேங்க் வெளியிட்ட 'கூடுதல் முதல் அடுக்கு' கடன் பத்திரங்கள் 9 விழுக்காடும் அதற்கு மேலும் வட்டி தந்தன. ஃபிக்ஸட் டெபாசிட்டைவிட நல்லது என்று சொல்லி அவை ஓய்வு பெற்றவர்கள் தலையிலும் கட்டப்பட்டன. வங்கி நொடித்தால் அப்பத்திரங்களின் மதிப்பைச் சுழியாக்கலாம் என்பது ஆவணத்தில் இருந்த விதி. 2020 மார்ச்சில் 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் அப்படியே துடைக்கப்பட்டன. டெபாசிட் வைத்திருந்தவர் ஒரு பைசா இழக்கவில்லை. அந்த ஒன்றிரண்டு விழுக்காடு கூடுதல் வட்டிக்காக மாறியவர்கள் அனைத்தையும் இழந்தார்கள். தவறாக விற்றதற்காகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி மறு ஆண்டு வங்கிக்கு 25 கோடி அபராதம் விதித்தது. பத்திரங்களைத் துடைத்தது செல்லாது என்று 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எழுபது வயதுக்காரர் வழக்கில் வென்றாலும், அதற்குள் கரைந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

வங்கி வைப்புகளுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை அது ஒரு லட்சம்தான். கூட்டுறவு வங்கிகளிலும் சிறு வங்கிகளிலும் அரை விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கிறது என்று மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைப்பவர்கள் இந்த எல்லையை நினைவில் வைக்க வேண்டும்.

வீடும் நகையும் இருக்கின்றனவே என்பது அடுத்த நம்பிக்கை. ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழு 2017இல் தந்த அறிக்கையின்படி, சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 84 விழுக்காடு வீடு, நிலம், பொருட்கள். 11 விழுக்காடு தங்கம். வைப்பு, பங்கு, ஓய்வூதியம் எல்லாம் சேர்ந்த நிதிச் சொத்து வெறும் 5 விழுக்காடு. சொந்த வீடு வாடகையை மிச்சப்படுத்துகிறது, அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. இரண்டாவது வீட்டின் கணக்கு வேறு. 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு 20,000 வாடகை வந்தால் அது 3 விழுக்காடு. அதிலும் பராமரிப்பு, சொத்து வரி, ஆள் இல்லாத மாதங்கள் போக மிச்சம். வீட்டை அடமானம் வைத்து வங்கியிடம் மாத வருமானம் பெறும் தலைகீழ் அடமானத் திட்டம் 2007 முதலே இருக்கிறது. யாரும் அண்டவில்லை. பிள்ளைகளுக்குப் போக வேண்டிய வீடு என்ற எண்ணம் அவ்வளவு ஆழம்.

ஓய்வுக்குப் பின் வரிச்சுமை பெரும்பாலோருக்குக் குறைந்துவிட்டது. வட்டியும் பென்ஷனும் சேர்ந்து 12 லட்சத்துக்குள் இருந்தால் புதிய முறையில் வரி இல்லை. கவனிக்க வேண்டியது, பங்கு விற்ற லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது என்பது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டின் லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 விழுக்காடு. எட்டு லட்சம் வட்டி வருமானம் உள்ளவர் ஃபண்டை ஒரே முறை விற்று 3 லட்சம் லாபம் எடுத்தால், மேல்வரியோடு 22,750 ரூபாய் கட்ட வேண்டும். அதையே மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று இரண்டு நிதியாண்டுகளில் விற்றால் மொத்தம் 6,500தான்.

மருத்துவம் இந்தக் கணக்குகள் அனைத்தையும் ஒரே வாரத்தில் கலைத்துவிடக் கூடியது. அலுவலகக் குழுக் காப்பீடு ஓய்வு நாளோடு முடிந்துவிடும். அதற்குப் பின் புதிதாக எடுத்தால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். ஐம்பது வயதிலேயே தனியாக ஒரு பாலிசி எடுத்துவைத்தால் இந்தக் காத்திருப்பு வேலையில் இருக்கும்போதே முடிந்துவிடும். 65 வயதுக்கு மேல் தர மாட்டோம் என்ற வரம்பு 2024 ஏப்ரலில் நீங்கியது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. 70 வயதைக் கடந்த எல்லோருக்கும், வருமானம் பாராமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரையிலான ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது.

கடைசியாக, மனைவிகளைப் பற்றி. பெரும்பாலான வீடுகளில் பணம் எங்கெங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கு மட்டுமே தெரியும், அவரே முதலில் போகிறார். பி.எஃப். கணக்கில் கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மாவின் பெயர் மாற்றப்படாமலே கிடக்கும். திருமணமானதும் அந்தப் பழைய நாமினேஷன் செல்லாது என்பது பி.எஃப். விதி என்பதால், புதிதாக எழுத வேண்டும். இப்போது இணையத்திலேயே ஆதார் வழியாகச் செய்துவிடலாம். வங்கிக் கணக்குகளில் 2025 நவம்பர் முதல் நான்கு நாமினிகள் வரை வைக்கலாம். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, சொத்து யாருக்கு என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் முடிவு செய்யும். யாரும் கேட்காமல் கிடக்கும் வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற தளத்தைத் தொடங்கியது. தேட வேண்டிய நிலை வராமலிருக்க, பாலிசி எண்கள், வங்கிக் கிளைகள், பி.எஃப். எண், ஃபண்டு விவரங்களை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை மனைவியிடமும் ஒரு பிள்ளையிடமும் சொல்லிவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.